நாமக்கல் முதல் இராமேசுவரம் வரை: ஒரு டீசல் பிக்கப்பின் பழுதுகளைத் தேடிச் சென்ற பயணம்

முதல் நாள்: நாமக்கல் – மேட்டுப்பாளையம்

நாமக்கல்லில் முட்டை ஏற்றி உதகமண்டலத்தில் இறக்குவது, அங்கிருந்து கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் போடுவது, பிறகு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றி இராமேசுவரம் சேர்ப்பது என்று இந்த வாரத்து வாடகைகள் ஒன்றோடொன்று கோத்து அமைந்தன. வண்டியை ஓட்டும் அண்ணனோடு நானும் புறப்பட்டுவிட்டேன். 2018இல் பதிவான எங்கள் 2.5 லிட்டர் காமன்ரெயில் டீசல் பிக்கப் சில வாரங்களாகவே சிறு சிறு தொல்லைகள் கொடுத்து வருகிறது. ஒவ்வொரு தொல்லைக்கும் ஏதாவது ஒரு பாகத்தை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிய பின்னும் தொல்லை தீராவிட்டால் அடுத்த பாகத்தின் பெயரைச் சொல்கிறார்கள். வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் ஒரு வாடகை போகிறது, மாதத் தவணை மட்டும் நிற்பதில்லை. அளந்து பார்த்துக் காரணத்தைக் கண்ட பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப், ஒரு முழம் ஒளிபுகும் டீசல் குழாய், சில கிளிப்புகள், ஒரு மாற்று பெல்ட் ஆகியவற்றை இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

முதல் தொல்லை புறப்படும்போதே முகம் காட்டியது. விடியற்காலையில் செல்ஃப் அடித்தால் எஞ்சின் வேகமாகவே சுற்றுகிறது, ஆனால் பிடிப்பதற்கு வெகுநேரம் ஆகிறது. "ஒருக்கா பிடிச்சிருச்சுன்னா அப்புறம் பொழுதுக்கும் தொந்தரவே இல்லீங்க தம்பி, காலையில மட்டுந்தான் இந்தச் சள்ளை" என்றார் அண்ணன். உயர் அழுத்த பம்ப் போய்விட்டது என்று ஒரு பட்டறையில் சொல்லியிருந்தார்கள். அது பல ஆயிரம் ரூபாய் விவகாரம்.

முதலில் பேட்டரியைப் பார்த்தோம். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தது. செல்ஃப் அடிக்கும்போது 10.2 வோல்ட்டுக்கு இறங்கியது. அடிக்கும் நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகாதவரை பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. அடுத்து அண்ணனைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு நான் சைலன்சர் பக்கம் போய் நின்றேன். எஞ்சின் பிடிக்காத நிலையில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். புகையே வராவிட்டால் டீசலே போகவில்லை என்று பொருள். எங்கள் வண்டியில் துளியும் புகை இல்லை. பிறகு டீசல் ஃபில்டரின் தலைப்பகுதியில் இருக்கும் கை பம்ப்பை அழுத்தினேன். முதலில் தொளதொளவென்று இருந்தது போகப் போகக் கெட்டிப்பட்டது. அதன் பின் செல்ஃப்பைத் தொட்டவுடன் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பம்ப் நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். காமன்ரெயில் எஞ்சின் பிடிக்க வேண்டுமென்றால் ரெயிலில், அதாவது சிலிண்டர்களுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கெல்லாம் பொதுவான குழாயில், ஏறத்தாழ 200 பாருக்கு மேல் அழுத்தம் சேர வேண்டும் (ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). பம்ப்புக்குள் காற்று புகுந்திருந்தால் அந்த அழுத்தம் சேராது. எங்கள் வண்டியில் டேங்கிலிருந்து எஞ்சின் வரை டீசலை உறிஞ்சித்தான் எடுக்கிறார்கள். ஓட்டையான உறிஞ்சுகுழாயில் இளநீர் குடிப்பது போலத்தான் இது: ஓட்டை வழியாக இளநீர் வெளியே சிந்தாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் இத்தகைய கசிவில் வண்டிக்கு அடியில் ஈரமே தெரிவதில்லை, பட்டறைகளிலும் இது கண்ணில் படுவதில்லை. டேங்குக்குள்ளேயே மின் பம்ப் உள்ள வண்டிகளில் குழாயில் தள்ளு அழுத்தம் இருப்பதால் இதே விரிசல் டீசலாக ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் இடையே ஒளிபுகும் குழாயைப் பொருத்தி எஞ்சினை ஓடவிட்டபோது, குமிழ்கள் மணி மணியாக ஓடுவதைக் கண்ணாலேயே காண முடிந்தது. ஃபில்டருக்கு வரும் ரப்பர் குழாயைக் கையால் வளைத்தால் குமிழ்கள் பெருகின. கிளிப்பை இளக்கினோம். அது கடித்துப் பிடித்த இடத்தில் ரப்பர் வளையமாக வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் கிளிப் அதை முழுவதும் மறைத்துக்கொண்டிருக்கும். வெடித்த நுனியை வெட்டிவிட்டு மீதிக் குழாயைப் பொருத்தி ஈரோடு வரை ஓட்டி வந்தோம். அங்கே நூறு ரூபாய்க்குள் புதுக் குழாய் கிடைத்தது.

ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின்களில் ஏர் லாக் (குழாயில் சிக்கிய காற்று) எடுக்க இன்ஜெக்டர் குழாயின் நட்டை இளக்கிக்கொண்டே செல்ஃப் அடிப்பது வழக்கம். காமன்ரெயில் எஞ்சினில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. ஓடும்போது ரெயிலில் அழுத்தம் 1,600 பார் வரையிலும், சில எஞ்சின்களில் அதற்கு மேலும் செல்லும். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடும்.

மாலையில் மேட்டுப்பாளையம் வந்ததும் டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தோம். அடியில் ஒரு விரற்கடை அளவுக்குத் தண்ணீர் தேங்கியது. தெளிந்த டீசல் வரும்வரை விட்டுத் திருகை மூடினோம்.

இரண்டாம் நாள்: மேட்டுப்பாளையம் – உதகமண்டலம்

காலையில் எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. அண்ணனின் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தபோது, பம்ப் மாற்றச் சொன்ன பேச்சை நம்பி அவர் எத்தனை நாள் மனதுக்குள் கணக்குப் போட்டுக் கவலைப்பட்டிருப்பார் என்று தோன்றியது.

கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. குன்னூர் வரையிலான இந்த மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பர்லியாறு வரை இழுவை சரியாக இருந்தது. அதற்கு மேலே இரண்டாம் கியரிலும் எஞ்சின் திணறி, பின்னால் கரும்புகையாகத் தள்ளியது. அகலமான ஓரம் ஒன்றைப் பார்த்து வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம்.

கரும்புகை என்றால் எரிவதற்குப் போதுமான காற்று இல்லை. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து கூலன்ட் குறைந்துகொண்டும் போனால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். எங்களுடையது காற்றுக் குறை. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டியே இருக்கும். அந்தக் குறையை ஈடு செய்வது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போதான். சமவெளியில் டர்போ சற்றுச் சோர்ந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரியாது. மலையில் லோடோடு ஏறும்போது உடனே தெரிந்துவிடும்.

இழுவை இல்லை என்றவுடன் "டர்போ போச்சு" என்று சொல்வதும் ஒரு வழக்கமாகிவிட்டது. டர்போவைப் பழிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை மூன்று: ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் செல்லும் தடித்த ஹோஸ்கள், டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குச் செல்லும் மெல்லிய வேக்கம் (வெற்றிட) குழாய். ஏர் ஃபில்டரில் கோழித் தீவனத் தூசி படிந்திருந்தாலும் அடைத்துப்போகும் அளவுக்கு இல்லை. எஞ்சின் ஆறியதும் இன்டர்கூலருக்கு மேலே வரும் ஹோஸைக் கையால் தடவியபோது, வளைவின் அடிப்பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் தூசி எண்ணெயோடு குழைந்து பிசுக்காக இருந்தது. டர்போ தள்ளும் காற்றோடு சிறிதளவு ஆயில் ஆவியும் வரும். எங்கே பிளந்திருக்கிறதோ அங்கே அது வெளியேறிப் படியும். ஐடிலில் அந்தப் பிளவு வாயை மூடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஹோஸ் விம்மியது, ‘உஸ்’ என்ற சத்தத்தோடு அந்தப் பிளவு வாய் திறப்பது நன்றாகத் தெரிந்தது.

டர்போவின் தண்டையும் சோதித்துவிட்டேன். ஹோஸைக் கழற்றி, விசிறியின் நடுத்தண்டை இரு விரலால் பிடித்து அசைத்தால் பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். உள்ளே வெளியே என்ற திசையில் ஆட்டம் தட்டுப்படக் கூடாது, விசிறியின் இதழ் சுவரில் உரசிய தடமும் இருக்கக் கூடாது. இரண்டும் இல்லை. பிளந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்ப் பட்டையை இறுகச் சுற்றி, இருபுறமும் கிளிப் போட்டோம். அந்தக் கட்டோடு குன்னூர் வரை மெதுவாக ஏறி அங்கே புது ஹோஸ் வாங்கிப் பொருத்தினோம். குன்னூரிலிருந்து உதகை வரை மூன்றாம் கியரில் ஏறியது.

ஏறும்போது வெப்ப முள்ளும் பாதிக்கு மேலே போனதைக் குறித்துக்கொண்டேன். கூலன்ட் அளவு சரியாக இருந்தது. ரேடியேட்டரின் முன்பக்கம் விளக்கடித்துப் பார்த்தால் பஞ்சும் பூச்சிச் சிறகுகளுமாக அடைந்திருந்தன. நாளைக்குத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். மிதமான அழுத்தத்தில் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகப் பீய்ச்சினால்தான் அழுக்கு வெளியே வரும், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளும் மடங்காது.

மூன்றாம் நாள்: உதகமண்டலம் – கோத்தகிரி – மேட்டுப்பாளையம்

முட்டையை இறக்கிய பிறகு இரவெல்லாம் வண்டி வெளியே நின்றது. விடிந்தபோது கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. செல்ஃப் அடித்ததும் எஞ்சின் பிடித்தாலும், கொஞ்ச நேரம் உதறிக்கொண்டு வெள்ளைப் புகையைக் கக்கியது. இது காற்றுக் கசிவு அல்ல. டீசல் உள்ளே போகிறது, ஒரு சிலிண்டர் மட்டும் குளிரில் எரிய மறுக்கிறது. இப்படிப்பட்ட குளிரில் உதவ வேண்டியது, சிலிண்டரின் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக். அதன் இணைப்பைக் கழற்றி, பிளக்கின் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வைத்தால் நல்ல பிளக் ஒரு ஓம்மை ஒட்டிக் காட்டும். மூன்று அப்படிக் காட்டின. ஒன்று மட்டும் முடிவிலி காட்டியது, அதாவது உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. நாமக்கல் வெயிலில் இந்தக் குறை ஆண்டுக்கணக்கில் மறைந்தே இருந்திருக்கும். ஊர் திரும்பிய பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். துருவேறிய ஹீட்டர் பிளக்கை அவசரத்தில் திருகினால் சிலிண்டர் ஹெட்டுக்குள் முறிந்துவிடும். பிறகு ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும்.

கோத்தகிரி சாலையோரத்தில் கேரட் கழுவும் இடத்திலேயே ரேடியேட்டரையும் கழுவிக்கொண்டு, லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டி இறங்கத் தொடங்கினோம். பயணத்தின் மிகக் கடுமையான பொழுது கோத்தகிரிக்குக் கீழே வந்தது.

இரண்டாம் கியரில் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தபோது டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தது. அடுத்த வளைவில் அண்ணன் இரு கையாலும் ஸ்டீயரிங்கை இழுப்பதைப் பார்த்தேன். "தம்பி, ஸ்டீரிங்கு கனக்குதுங்க, பிரேக்கும் கட்டையாட்ட ஆகுதுங்க" என்றார். குரல் நடுங்கவில்லை. அந்த நிதானத்துக்கு நான் தலைவணங்குகிறேன். முதல் கியருக்கு இறக்கி, கைபிரேக்கைச் சிறிது சிறிதாக ஏற்றி, மலைப்பக்கச் சரிவில் சக்கரத்தைச் சாய்த்து நிறுத்தினார். அதற்குள் வெப்ப முள்ளும் ஏறத் தொடங்கியிருந்தது.

மின்னேற்றம் இல்லை, ஸ்டீயரிங் கனம், பிரேக் கெட்டி, எஞ்சின் சூடு என்று நான்கு பழுதுகள் ஒரே நிமிடத்தில் வந்தன. நான்கும் தனித்தனியாக ஒரே நேரத்தில் வர வழியில்லை. பானெட்டைத் திறந்தால் பேன் பெல்ட் நார் நாராகப் பிய்ந்து கிடந்தது. ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் பம்ப், வாட்டர் பம்ப் மூன்றையும் அந்த ஒரு பெல்ட்தான் சுழற்றுகிறது. பிரேக்குக்கும் பெல்ட்டுக்கும் என்ன தொடர்பு என்பதைத்தான் பலர் அறியாமல் இருக்கிறார்கள். பெட்ரோல் எஞ்சினில் காற்று உறிஞ்சும் வழியிலேயே வெற்றிடம் கிடைக்கும். டீசல் எஞ்சினில் அது கிடைக்காது என்பதால், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை உண்டாக்கத் தனியாக ஒரு வேக்கம் பம்ப் வைக்கிறார்கள். எங்கள் வண்டி உட்படப் பல பிக்கப் வண்டிகளில் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில், அதே தண்டில் இருக்கிறது. பெல்ட் அறுந்தால் அதுவும் நின்றுவிடும். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும்.

பிரேக் பெடல் சொல்லும் சேதியை மூன்றாகப் பிரித்து அறிந்துகொள்வது மலையில் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் அவசியம். பெடல் கெட்டியாகி இறங்க மறுத்தால் வெற்றிடம் இல்லை; முழு பலத்தோடு மிதித்தால் வண்டி நிற்கும். பெடல் மெத்தென்று தரைவரை போனால் பிரேக் ஆயிலில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது ஆயில் கசிகிறது, அல்லது கொதித்துவிட்டது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். மூன்றாவதாக, பெடல் வழக்கம்போல உறுதியாக இருந்தும் வண்டி நிற்காமல் எரிந்த வாடை வந்தால், லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. அப்போது ஆற விடுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

மாற்று பெல்ட்டை மாட்டுவதற்கு முன்னால் பெல்ட் ஏன் அறுந்தது என்று தேடினேன். ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுழற்றிப் பார்த்ததில், பெல்ட்டை இறுக்கமாக வைக்கும் டென்ஷனர் புல்லி மட்டும் மணலை அரைப்பது போன்ற சத்தத்தோடு தடுக்கிச் சுழன்றது. பேரிங் உலர்ந்து புல்லி சாய்ந்திருக்கிறது. பெல்ட்டின் ஓரம் அதில் தேய்ந்திருக்கிறது. இதை விட்டுவிட்டுப் புது பெல்ட்டை மட்டும் மாட்டியிருந்தால், அதே பழுது இன்னொரு மலையில் திரும்ப வந்திருக்கும். புது பெல்ட்டை மாட்டி, ஊர்ந்து ஊர்ந்து மேட்டுப்பாளையம் வந்து, கேரட்டை இறக்கியதும் முதல் வேலையாக டென்ஷனரை மாற்றினோம்.

பிறகு பூஸ்டரையும் சோதித்தோம். எஞ்சினை அணைத்து, பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதித்து, மிதித்த நிலையிலேயே எஞ்சினை இயக்கினால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கியது. ஆல்டர்னேட்டரின் அடியில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான்காம் நாள்: மேட்டுப்பாளையம் – பொள்ளாச்சி – ஒட்டன்சத்திரம்

காலி வண்டி, நல்ல சாலை, எங்கள் வண்டியில் சொல்வதற்கு எதுவும் இல்லை. உடுமலைப்பேட்டைக்கு முன்னால் ஒரு தேநீர்க் கடையில், பிஎஸ் 6 பிக்கப் ஒன்றை ஓட்டும் இளைஞர் ஒருவர் புகைவடிகட்டி விளக்கு எரிகிறது, வண்டி இழுக்கவில்லை என்று வருத்தத்தோடு நின்றார். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பிஎஸ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, டீசல் வண்டிகளின் சைலன்சர் வழியில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இடம்பெற்றது. கரி சேர்ந்ததும் எஞ்சின் தானாகவே கூடுதல் டீசலைச் செலுத்தி, வடிகட்டியை ஏறத்தாழ 600 டிகிரி வரை சூடாக்கிக் கரியை எரித்துவிடும். அதற்கு வண்டி நிற்காமல் ஓட வேண்டும். இவருடைய ஓட்டமோ கடைக்குக் கடை நிறுத்தி இறக்கும் ஊருக்குள் ஓட்டம். எரிக்கும் வேலை தொடங்கிய ஒவ்வொரு முறையும் எஞ்சினை அணைத்திருக்கிறார்.

ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். மேல் கோட்டுக்கு மேலே இருந்தது, முகர்ந்தால் டீசல் வாடை. பாதியில் நின்றுபோன ஒவ்வொரு முறையும் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கிறது. ஆயில் கூடியிருப்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, நீர்த்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். ஆயிலை இப்போதே மாற்றி, வடிகட்டிக்கு ஏற்ற சாம்பல் குறைந்த வகையையே ஊற்றி, விளக்கு நிலையாக எரியும் கட்டம் தாண்டவில்லை என்பதால் நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சீராக ஓட்டச் சொன்னேன். விளக்கு மின்னத் தொடங்கிவிட்டால் கருவி வைத்து எரிக்கும் வசதியுள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். எரியும் நேரத்தில் வைக்கோல், சருகு இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. வடிகட்டியையே வெட்டி எடுத்துவிடலாம் என்று யாரோ அவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றில் அந்தக் கரியை மீண்டும் கொட்டுவதற்கு நான் ஒருபோதும் வழி சொல்ல மாட்டேன்.

ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளியும் முருங்கையும் ஏற்றியாகிவிட்டது.

ஐந்தாம் நாள்: ஒட்டன்சத்திரம் – மதுரை – இராமேசுவரம்

நள்ளிரவு கடந்து புறப்பட்டதால் பின்விளக்குகளின் கோளாறு நன்றாகத் தெரிந்தது. பிரேக் மிதித்தால் இடப்பக்க இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கு அதோடு சேர்ந்து துடிக்கிறது. வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று முன்பே ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு விளக்கை எரித்தால் இன்னொன்று மங்கலாக எரிவது எர்த் பழுதின் அடையாளம்; மின்சாரம் வண்டியின் சேஸிஸ் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழிதான் எர்த். தன் எர்த் வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு வழி தேடுகிறது. பரமக்குடிக்கு அருகே நிறுத்தி, மீட்டரின் ஒரு முனையை நீண்ட வயரால் பேட்டரியின் நெகட்டிவ்விலும் மறுமுனையை இடப்பக்க விளக்கின் எர்த் தகட்டிலும் வைத்து, அண்ணனைப் பிரேக் மிதிக்கச் சொன்னேன். நல்ல எர்த்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. இங்கே 3.8 வோல்ட் காட்டியது. வயரை ஓமில் அளந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் ஓம் அளவு சரியாகக் காட்டும். மின்சாரம் ஓடும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்.

எர்த் வயர் சேஸிஸில் சேரும் போல்ட்டைத் தேடிப்பிடித்தோம். முன்பு கடலோர ஓட்டங்களில் தெறித்த உப்பும் கருவாட்டு நீரும் சேர்ந்து, அந்த வளையத்தின் கீழே பச்சையும் பழுப்புமாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் வளையத்தையும் சேஸிஸையும் பளிச்சென்று தேய்த்து, புது போல்ட் போட்டு இறுக்கி, மேலே வாசலின் பூசினோம். அளவு 0.1 வோல்ட்டுக்கு இறங்கியது. வயரிங்கில் ஒரு இழையைக்கூட மாற்றவில்லை.

பகலில் பாம்பன் பாலத்தைக் கடந்தோம். 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் நின்றால், பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி தெரிகிறது. காற்றில் வரும் உப்பு முகத்தில் ஒட்டுவதை உணரும்போது, இந்தத் தீவில் அன்றாடம் ஓடும் வண்டிகளின் கனெக்டர்களை நினைத்துக் கவலையாக இருந்தது. லோடு இறக்கியதும் சேஸிஸ், கமான் பட்டை, பிரேக் குழாய்கள் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவச் செய்தேன்.

ஆறாம் நாள்: இராமேசுவரம் – இராமநாதபுரம் – திருச்சி – நாமக்கல்

காலையில் செல்ஃப் சோர்வாகச் சுற்றியது. பேட்டரி 12.2 வோல்ட்தான் இருந்தது. நேற்று முழுவதும் ஓடிய வண்டிக்கு இது போதாது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, இடையில் மீட்டரைப் பத்து ஆம்பியர் வரிசையில் இணைத்தேன். எல்லாவற்றையும் அணைத்து, கதவை மூடி, கம்ப்யூட்டர் உறங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டியது, 1.8 ஆம்பியர் காட்டியது. மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் கருகிவிடும் என்பதால் சாவியை அண்ணனிடமிருந்து வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினோம். எதை உருவியும் அளவு குறையவில்லை. பியூஸ் பெட்டி வழியாகப் போகாமல் பேட்டரியோடு நேரடியாகச் சேர்ந்திருப்பவை செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும். ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி நுனியைத் துணியால் சுற்றி வைத்ததும் அளவு 30 மில்லி ஆம்பியருக்கு விழுந்தது.

மூன்றாம் நாள் கண்ட எண்ணெய்ப் பிசுக்குக்கு இப்போது பொருள் விளங்கியது. வேக்கம் பம்ப்பின் ஆயில் சீல் தேய்ந்து, ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் இறங்கியிருக்கிறது. அங்கே மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்று பழுதாகி, எஞ்சின் நின்ற பிறகும் மின்சாரத்தைப் பின்னோக்கிக் கசிய விடுகிறது. மீட்டரை இடையிலிருந்து எடுத்து, இரு வயர்களையும் மாட்டி எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் ஏசி வோல்ட் அளந்தேன். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டையோடு சந்தேகத்துக்குரியது. எங்களுக்கு 0.9 காட்டியது. இராமநாதபுரத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் ஆல்டர்னேட்டரை இறக்கினார்கள். பிரித்த அந்தப் பெரியவர் எங்கள் அளவுகளைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, புது ஆல்டர்னேட்டர் தேவையில்லை என்று தாமே சொன்னார். டையோடு பிளேட்டும் வேக்கம் பம்ப்பின் சீலும் மாற்றி, உள்ளே ஊறியிருந்த ஆயிலைப் பெட்ரோலில் கழுவி உலர்த்திப் பூட்டினார். எஞ்சின் ஓடும்போது 14.2 வோல்ட், அணைத்த பின் கசிவு 30 மில்லி ஆம்பியர்.

காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி வந்து நாமக்கல் சேர்ந்தோம். வழியில் கியர் மாற்றி கிளட்ச்சை விடும் ஒவ்வொரு முறையும் வண்டிக்கு அடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. வந்ததும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயின்ட் ஷாஃப்ட்டை நியூட்ரலில் கையால் முறுக்கிப் பார்த்தேன். அதன் பின்பக்க மூட்டான கிராஸில் ஆட்டம் இருக்கிறது, கப்பின் ஓரத்தில் துருத்தூள் பூத்திருக்கிறது. கிரீஸ் அடித்துப் பயனில்லை, ஊசி பேரிங்குகள் உள்ளே உலர்ந்து நொறுங்கியிருக்கும். நாளை கிராஸையும், அறுந்துபோன ஹீட்டர் பிளக்கையும் மாற்றுவதாக இருக்கிறோம். ஷாஃப்ட்டைக் கழற்றுவதற்கு முன்பு இரு பிளேஞ்சுகளிலும் (இணைப்புத் தட்டுகளிலும்) பெயின்ட்டால் ஒரே நேர்கோட்டில் அடையாளம் போட்டு, அதே நிலையில் திரும்பப் பூட்ட வேண்டும், இல்லையென்றால் வேகத்தில் அதிரும் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். "வெள்ளைப் பெயின்டு டப்பா வூட்லயே கெடக்குதுங்க தம்பி, காலையில வரையில கொண்டாறேன்" என்றார்.